சிங்கப்பூர், பினாங்கு, பூக்கெட் கப்பல் பயணம்: கரையில் இறங்கினால் கப்பல்காரன் டூரா, நம்ம சொந்தக் காலா?

சமாதானபுரம் டீச்சர்

அரையாண்டு விடுமுறையில் நான்கு இரவு கப்பலில் போய்விட்டு வந்தோம். போகுமுன் இந்த இணையக் குழுவில் கேள்வி மேல் கேள்வி கேட்டு நச்சரித்தவள் நான்தான். பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

போனது ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், பத்தாவது படிக்கும் மகன், என் அம்மா (74), மாமியார் (70). பாளையங்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வேன், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம். ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் மரினா பே முனையத்தில் கப்பல் ஏறினோம். பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அறைச் சாவி, பணம், அடையாளம் எல்லாம் அந்த ஒரு அட்டைதான். மாமியார் அதைத் தாலிக்கொடியோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார்.

கப்பலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நீச்சல் குளம், பாட்டு, வாண வேடிக்கை எல்லாம் விளம்பரத்தில் இருப்பதுதான். சாப்பாட்டில் சைவத்துக்குக் குறை இல்லை, ஆனால் தினமும் வடநாட்டுக் குழம்புதான். தயிர் உண்டு. ஊரிலிருந்து கொண்டுபோன மோர் மிளகாயும் பருப்புப் பொடியும் மானத்தைக் காப்பாற்றின. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் நம்ம உவரிப் பக்கம் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அவனை அவள் "ஐயா" என்றும் அவன் அவளை "ஆச்சி" என்றும் கூப்பிட, மூன்றாம் நாள் அவனுக்கு அல்வாவில் ஒரு பங்கு போயிற்று.

பினாங்கு அருமை. மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்து இரவு பத்து மணி வரை கப்பல் நின்றது. இறங்கினால் ஊர்தான், வண்டியே வேண்டாம். நடந்தே மகாமாரியம்மன் கோயில் போனோம். சாயங்காலத் தீபாராதனை கிடைத்தது. கோயிலை ஒட்டி பூக்கடை, பாத்திரக் கடை, முறுக்கு. மாமியார் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், டவுண் ரதவீதி மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முழம் மல்லிகை வாங்கினார்.

விவகாரம் பூக்கெட்டில்தான். அங்கே கப்பல் கரைக்கு வராது, பட்டோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்குகிறார்கள். கப்பல்காரர்கள் டூருக்கு ஆளுக்கு 95 சிங்கப்பூர் டாலர் கேட்டார்கள். ஐந்து பேருக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். வீட்டுக்காரர் "கரையில் வேன் பேசினால் மூணில் ஒரு பங்குதான்" என்றார். அது உண்மைதான். வேன்காரர் சலோங் புத்தர் கோயிலைக் காட்டினார், பழைய பூக்கெட் ஊரில் வண்ண வண்ணமான சீனர் வீடுகளைக் காட்டினார், அப்புறம் கேட்காமலே ஒரு ரத்தினக் கல் கடையில் நிறுத்தினார். அங்கே முக்கால் மணி நேரம். அடுத்து ஒரு முந்திரிப்பருப்புக் கடை. கடைக்குக் கூட்டிப்போனால் அவருக்குக் கமிஷன் போலும்.

எல்லோரும் படகுத்துறைக்குத் திரும்ப வேண்டிய நேரம் மாலை ஐந்து. வீட்டுக்காரர் போனைப் பார்த்தார், மூன்றேகால். நேரம் கிடக்கிறது என்று மாதிரிக்குக் கொடுத்த முந்திரியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தோம். அப்போது அம்மா சொன்னாள்:

"ஏட்டி, என் வாட்ச்சுல ரெண்டரைக்குக் கடைசி போட்டுன்னு அந்த உவரிப் பையன் சொன்னாம்லா? மணி ஒண்ணேமுக்கால் ஆயிட்டு. இங்க என்ன முந்திரிக்கொட்டை வேண்டிக் கெடக்கு?"

அம்மா வாட்ச்சை ஊர் நேரத்திலிருந்து மாற்றவே இல்லை. மாற்றத் தெரியாது, தேவையும் இல்லை என்பது அவள் கட்சி. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது. அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. தாய்லாந்து நேரமோ நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முந்தி. போன் தாய்லாந்து சிக்னல் கிடைத்ததும் யாரையும் கேட்காமல் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. எங்கள் கணக்கில் ஒன்றேமுக்கால் மணி நேரம் மிச்சம். உண்மையில் இருந்தது முக்கால் மணி நேரம், அதில் வண்டி ஓட்டமே நாற்பது நிமிடம்.

வேன்காரருக்கு விஷயம் புரிந்ததும் ஓட்டினார் பாருங்கள், அதற்காகவே அவரை மன்னித்துவிட்டேன். கடைசிப் படகுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது துறையில் நின்றோம். மாமியாருக்கு மூச்சு வாங்கியது. மகன் மட்டும் "சூப்பர்மா, இன்னொரு தடவை போவோமா" என்றான். முதுகில் ஒன்று வைத்தேன்.

ஆகவே என் கேள்வி: அடுத்த தடவை கப்பல்காரர்களின் டூரையே எடுத்துவிடலாமா? இல்லை, தனியாகப் போவதுதான் சரி, நாங்கள்தான் ஏமாந்தோமா?

டவுண் வாகையடி

ஆச்சிக்கு அரைக் கிலோ அல்வா என் கணக்கில்.

இங்கே நான் ஒருத்தன்தான் கப்பல் டூர் எடுங்கள் என்று சொன்னேன். "பணம் கொட்டிக் கிடக்கிறதா அண்ணாச்சி" என்று நக்கல் வேறு. அந்த முப்பதாயிரத்தில் இருபதாயிரத்தை மிச்சம் பிடித்தீர்கள், சரி. கப்பல் போயிருந்தால்? பாஸ்போர்ட் கப்பலில், துணி கப்பலில், மாமியாரின் சுகர் மாத்திரை கப்பலில். ஐந்து பேருக்கும் விமான டிக்கெட் போட்டால் இருபதாயிரம் எங்கே நிற்கும்?

சமாதானபுரம் டீச்சர்

அண்ணாச்சி, மாத்திரை கைப்பையில் இருந்தது. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான்.

மணப்பாடு மாலுமி

டீச்சரக்கா, உவரிப் பையன் யார் என்று விசாரித்துப் பார்க்கிறேன், எங்கள் பக்கத்தில் கப்பலில் ஓட்டல் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். நான் பத்து வருடமாகப் பயணிகள் கப்பலில். போன மாதம் ஒப்பந்தம் முடிந்து இறங்கி வீட்டில் இருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் நேரம். எந்தக் கப்பலிலும் "கப்பல் நேரம்" என்று ஒன்று உண்டு. அது கரை நேரத்தோடு ஒத்துப் போகலாம், போகாமலும் இருக்கலாம். மாற்றுவதா வேண்டாமா என்பது கேப்டன் முடிவு. நான்கு நாள் பயணத்தில் ஒரே ஒரு நாளுக்காக மாற்றி மறுபடி மாற்றினால் சமையலறை, எஞ்சின், ஷிப்ட் எல்லாம் குழம்பும், அதனால் விட்டுவிடுவார்கள். இறங்கும் வாசலில் பலகையில் எழுதியிருப்பார்கள், முந்தின இரவு அறைக்கு வரும் தாளிலும் இருக்கும். யாரும் படிப்பதில்லை. போனை நம்பாதீர்கள். முள் வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஆச்சி முறையும் சரிதான், கணக்கு தப்பாமல் போட்டால்.

இரண்டாவது, தாமதம். கப்பல் மூலமாக எடுத்த டூர் வண்டி பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நிற்க முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவிலேயே கொண்டு சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்குக் காத்திருக்க மாட்டார்கள். கேப்டன் கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறும் நேரம், அடுத்த துறைமுகத்தில் இடம் பிடித்த நேரம் எல்லாம் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது. ஆள் வரவில்லை என்று உறுதியானால் பாதுகாப்பு ஆட்கள் அவர்கள் அறைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, அல்லது தாங்களே வைத்திருப்பதை எடுத்து, துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே வாகையடி அண்ணாச்சி சொன்னதில் பாஸ்போர்ட் பயம் பாதிதான் சரி. டிக்கெட் செலவு முழுக்க சரி. ஏஜெண்டின் போன் நம்பர் அந்தத் தாளிலேயே இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

மூன்றாவது, உங்கள் கேள்வி. எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே பதில் கிடையாது. கப்பல் எங்கே கட்டுகிறது, பார்க்க வேண்டிய இடம் அங்கிருந்து எவ்வளவு தூரம், இது இரண்டையும் பாருங்கள். பினாங்கில் ஊர் காலடியில் கிடக்கிறது, டூருக்குக் காசு கொடுப்பது வீண். போர்ட் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சாயங்கால நெரிசலில் மாட்டினால் அவ்வளவுதான், அங்கே கப்பல் வண்டியில் போங்கள். படகில் இறங்கும் ஊர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. கரையிலிருந்து படகுக்கு வரிசை நிற்கவே சில சமயம் அரை மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். பூக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். நமக்குக் குற்றாலத்தில் சாரல் என்றால் அங்கே அலை. நீங்கள் டிசம்பரில் போனது நல்லதாயிற்று.

டூர் வண்டி நடத்துவது கப்பல்காரர்கள் அல்ல, உள்ளூர்க் கம்பெனிதான். இடையில் கப்பலுக்கு ஒரு பங்கு உண்டு, அதனால்தான் அந்த விலை. அந்த வண்டியும் ரத்தினக் கடையில் நிற்கும், அதில் சந்தேகமே வேண்டாம். கடைக்காரனுக்கு நீங்கள் எந்த வண்டியில் வந்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

சமாதானபுரம் டீச்சர்

தம்பி, ஏறின உடனே ஊதி ஊதி எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டினார்களே, அது எதற்கு இவ்வளவு கண்டிப்பு? மாமியார் தூங்குகிறார் என்றாலும் விடவில்லை.

மணப்பாடு மாலுமி

விட மாட்டார்கள் அக்கா. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் ஆபத்து, உடனே உங்கள் அட்டையில் போட்டிருக்கும் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறின நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சியே நடக்கவில்லை. அப்போதைய விதிப்படி ஏறின 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அதற்கப்புறம்தான் கப்பல் புறப்படும் முன்பே, இல்லாவிட்டால் புறப்பட்ட உடனேயே என்று மாற்றினார்கள். தூங்குகிற மாமியாரை எழுப்பியவன் நல்லவன்.

அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி நச்சரிப்பார்கள். கப்பலில் வாந்தி பேதி வைரஸ் ஒருவருக்கு வந்தால் ஊரையே வளைக்கும், நோரோ என்று பெயர். பாட்டிலில் வைத்திருக்கும் கிருமிநாசினிக்கு அது அவ்வளவாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான்.

வி.கே.புரம் தம்பி

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். கல்யாணமாகி மனைவியோடு முதல் வெளிநாடு, இந்த ரூட்டைத்தான் யோசிக்கிறோம். விசா எப்படி? கடல் வாந்தி வருமா? பாபநாசம் அணையில் போட் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். டிக்கெட் விலைக்கு மேல் என்ன செலவு வரும்? ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

டவுண் வாகையடி

ரைஸ் குக்கரா! தேனிலவுக்காவே?

சமாதானபுரம் டீச்சர்

தம்பி, சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் கெட்டில் கொண்டு போனோம். ஏறும்போதே ஸ்கேன் செய்து பிடித்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் கொடுத்தார்கள். சூடாகும் சாமான் எதையும் விட மாட்டார்கள். அயர்ன் பாக்ஸும் அப்படித்தான். வெந்நீர் கேட்டால் அவர்களே தருகிறார்கள்.

விசா: சிங்கப்பூருக்கு வாங்க வேண்டும். கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறி, திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறோம். அதனால் பல தடவை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பத்துக்கு இதிலேயே அரை மணி நேரம் வியர்த்துவிட்டது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா கேட்பதில்லை. தாய்லாந்துக்கும் நாங்கள் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் வாரத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். ஏஜெண்ட் சொன்னார், அத்தான் சொன்னார் என்று இருக்காதீர்கள்.

செலவு: டிக்கெட்டுக்கு மேல் "சேவைக் கட்டணம்" என்று ஆளுக்குத் தினம் ஒரு தொகை. பையன், ஆச்சி எல்லோருக்கும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் போய்க் கடைசி நாள் பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் பேசாமல் பால்கனியில் போய் நின்றார். இன்னொன்று, கப்பல் நகர்ந்ததும் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். கடலில் கப்பலுக்கென்று ஒரு செல் சிக்னல் உண்டு. ரோமிங்கில் அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு வாட்ஸ்அப் வீடியோ ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

வாந்தி பற்றி மாலுமித் தம்பி சொல்லட்டும்.

மணப்பாடு மாலுமி

மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் அணைத்த கடல், பெரிய ஆட்டம் இருக்காது. கப்பலின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நீட்டும், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் வேறு உண்டு. பினாங்கு தாண்டி அந்தமான் கடலில் நுழைந்த பிறகு கொஞ்சம் அசைவு தெரியலாம். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. மேல் தளமும் முன் நுனியும்தான் அதிகம் ஆடும். காசு அதிகம் கொடுத்து வாங்குவதும் அந்த அறைகளைத்தான். வயிற்றைக் காலியாக விடக்கூடாது. அவோமின் போடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தலை சுற்றினால் அறைக்குள் படுத்துக் கிடக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேவைக் கட்டணம் கப்பலுக்குக் கப்பல் வேறு. ஆளுக்குத் தினம் 15 முதல் 20 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்களுக்கு வருகிற காசு, தயவுசெய்து கவுண்டரில் போய் வெட்டச் சொல்லாதீர்கள். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஞாயிறு கிடையாது, தினம் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கரையில் கப்பல் நிற்கும்போதும் எங்களில் ஒரு பங்கு உள்ளேயே இருக்க வேண்டும், அவசரத்துக்கு ஆள் வேண்டுமே. பினாங்குக்கு நான் முப்பது தடவையாவது போயிருப்பேன். கோயிலைப் பார்த்தது இரண்டு தடவை.

கடையநல்லூரான்

பினாங்கு பேச்சு வந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. டீச்சர் கோயிலோடு திரும்பிவிட்டது வருத்தம்தான்.

எங்கள் ஊரிலும் தென்காசியிலும் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ சொந்தம் இல்லாத தெரு குறைவு. தறி ஓட்டிப் பிழைக்க முடியாத காலத்தில் கப்பல் ஏறினவர்கள். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினவர். 1926-இல் கட்டின அந்தக் கப்பல் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அவர் டெக் பயணி. அறை கிடையாது, தளத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு கூஜா. போய்ச் சேர ஒரு வாரம். வாந்தி எடுத்தே பாதி உடம்பாக இறங்கினேன் என்பார். இப்போது பேரன் நான் அதே பினாங்கில் நீச்சல் குளம் வைத்த கப்பலிலிருந்து இறங்குகிறேன். படகுத்துறையில் நின்று கொஞ்ச நேரம் எதுவும் பேச வரவில்லை.

சரி, வழி சொல்கிறேன். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி நேரே நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் டீச்சர் பார்த்த மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நம்ம பக்கத்திலிருந்து போன முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801 வாக்கில் எழுப்பியது. அதே தெருவில் சீனக் கோயில், ஆங்கிலேயர் தேவாலயம் எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். 2008-இல் யுனெஸ்கோ அந்த ஊரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாசி கண்டார் தின்னாமல் கப்பலுக்குத் திரும்பினால் பாவம். கண்டார் என்றால் தோளில் வைக்கும் காவடிக் கட்டை. ஒரு பக்கம் சோற்றுப் பானை, இன்னொரு பக்கம் குழம்புப் பானை தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், "பஞ்சிர்" என்று சொன்னால் சோறு மூழ்கும்.

கால் வலுவுள்ளவர்கள் வண்டி பிடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகலாம், 513 படி. டீச்சரின் மாமியார் வேண்டாம்.

சமாதானபுரம் டீச்சர்

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "திருச்செந்தூர்ல முருகன் கடற்கரையில வசதியா இருக்கான், அங்க எதுக்கு மலை மேல ஏறினான்" என்கிறார்.

வள்ளியூர் வாத்தியார்

கோபிக்க வேண்டாம். நான்கு நாளில் கரையில் நின்றது மொத்தம் பதினைந்து மணி நேரம் இருக்குமா? அதில் முக்கால் மணி ரத்தினக் கடை. இதற்கு ஆளுக்கு அரை லட்சத்துக்கு மேல். மிதக்கும் லாட்ஜில் தூங்கிவிட்டு ஊர் பார்த்தேன் என்று சொல்கிறோம். அதே காசில் பினாங்குக்கு விமானத்தில் போய் ஐந்து நாள் தங்கினால் கடையநல்லூர்க்காரர் சொன்னதெல்லாம் ஆற அமரப் பார்க்கலாமே.

சமாதானபுரம் டீச்சர்

சார், என்னை மட்டும் கேட்டால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் முட்டி தேய்ந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் ஹோட்டல் ஹோட்டலாகப் பெட்டி தூக்கிப் பாருங்கள். கப்பலில் பெட்டியை ஒரு தடவை பிரித்தோம், ஒரு தடவை கட்டினோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் வேறு ஊர். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம் என்று என் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்தது இந்த நாற்பத்தாறு வயதில் அப்போதுதான். கடல் மட்டும் இருந்த நான்காம் நாளில் அவளும் மாமியாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருடமாகப் பேசாத சீர் விவகாரத்தைப் பேசி முடித்தார்கள். ரத்தினக் கடை போனால் போகட்டும்.

வள்ளியூர் வாத்தியார்

சீர் விவகாரமே முடிந்ததென்றால் நான் வாபஸ்.

தென்காசிச் சாரல்

நாங்கள் போனது சென்னையிலிருந்து இலங்கைக் கப்பல், 2023-இல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி ஏறிவிடலாம், விமானமே வேண்டாம்.

அம்பாந்தோட்டையில் எங்களுக்குப் பெரிதாக எதுவும் ஒட்டவில்லை, வெயில்தான் ஒட்டியது. திருகோணமலை அப்படி இல்லை. கோணேஸ்வரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டை வாசலில் இறங்கி நடக்க வேண்டும், வழியெல்லாம் புள்ளிமான் நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும். சம்பந்தர் பாடின தலம். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள் என்பதைப் படித்துவிட்டுப் போனால், நடக்கும்போது சுவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்து நேரே கடலில் விழுகிறது, இராவணன் வெட்டு என்கிறார்கள். எட்டிப் பார்த்தேன், ஒரு தடவைக்கு மேல் முடியவில்லை. கன்னியா வெந்நீர் ஊற்றும் போனோம். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. குற்றாலத்தில் வளர்ந்தவளுக்கு வெந்நீரில் குளிக்க ஊற்று என்பது வேடிக்கையாக இருந்தது.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டர் சுமார். அங்கே நாங்கள் கப்பல் டூர் எடுக்கவில்லை, மொழி நம்ம மொழி, ஆட்டோக்காரரோடு பேசினோம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டே தரிசனம் முடித்தார். 1981-இல் எரித்த நூலகம் இப்போது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் யாரும் பேசவில்லை. திரும்புகிற வழியில் கீரிமலை. கடலுக்குப் பக்கத்தில் கேணி, தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தால் உப்பில்லை.

முத்துநகர்ப் பெரிசு

எல்லோரும் சென்னை, சிங்கப்பூர் என்கிறீர்கள். தூத்துக்குடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது வயிற்றெரிச்சல் இழை.

கொழும்புக்குக் கப்பல் என்றால் ஒரு காலத்தில் தூத்துக்குடிதான். ரயிலில் வந்து இறங்கி இங்கிருந்து நீராவிக் கப்பல். 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே, 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்து இதே வழியில் வெள்ளைக்காரன் கம்பெனியோடு போட்டி போட்டார். அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து ஆளை இழுத்தார்கள், கடைசியில் குடை கூட இனாமாகக் கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். இப்போது சேவைக் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் வாங்குகிறார்களே, அதைப் படிக்கும்போது அந்தக் குடை ஞாபகம் வந்தது.

நான் போனது 2011-இல். ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள், நவம்பரில் நின்றுவிட்டது. அதற்குள் ஒரு தடவை போய்விட்டேன். சாயங்காலம் ஏறி மறுநாள் காலையில் கொழும்பு. நீச்சல் குளத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, பாதிப் பேர் சேலை மூட்டையோடு வந்த வியாபாரிகள். என் அப்பா சின்ன வயதில் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். அந்தத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தேன், கடை இல்லை, வாசல் படி மட்டும் இருந்தது. அதில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எந்த டூரிலும் அது கிடையாது.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நமக்கு எப்போது என்று கேட்டால் துறைமுகத்தில் சிரிக்கிறார்கள்.

வி.கே.புரம் தம்பி

ரைஸ் குக்கர் கேன்சல். நடுத்தள அறை, அவோமின், முள் கடிகாரம் குறித்துக்கொண்டேன். மனைவி பினாங்கில் நாசி கண்டார், பூக்கெட்டில் கடற்கரையோடு சரி என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். மாலுமி அண்ணே, பட்டோங்கிலேயே உட்கார்ந்திருந்தால் நேரத்துக்குப் பயம் இல்லையே?

மணப்பாடு மாலுமி

துறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் பயமில்லை தம்பி. கடைசிப் படகுக்கு நிற்காதே, அதற்கு முந்தின படகில் ஏறு. கடைசிப் படகில்தான் மொத்தக் கூட்டமும் வரும்.

சமாதானபுரம் டீச்சர்

சாரலக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். கோணேஸ்வரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கோடை விடுமுறைக்கு இலங்கைக் கப்பல் உண்டா என்று விசாரிக்கச் சொல்லி உத்தரவு. படி அதிகமா என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

தென்காசிச் சாரல்

படி கொஞ்சம்தான் அக்கா, ஏற்றம்தான் இருக்கிறது. வாசலில் ஆட்டோ கிடைத்தால் பேசிப் பாருங்கள், மெதுவாக நடந்தாலும் நிழல் உண்டு. முக்கியமான விஷயம், இலங்கையில் நம்ம நேரம்தான். போன் குழப்பாது.

சமாதானபுரம் டீச்சர்

அதையும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் எனக்கு அங்க என்னட்டி வேலை" என்றாள்.